தணிகைப் புலவரும் தொண்டியாரும்

1838ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்தில் நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் திருக்குறளை உரையோடு அச்சில் கொண்டுவந்தது ஒன்று. ராயபுரத்துப் பக்கம் லெப்பைக்காடு என்று சொல்லப்பட்ட முட்புதர்க் காட்டில் தவமிருந்த குணங்குடி மஸ்தான் சாகிபு காலமானது மற்றொன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத்தான் தெரியும். ஆனால் அந்த ஐயர் இந்தச் சாகிபின்மேல் ஒரு நான்மணிமாலை பாடியிருக்கிறார். வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், அகவல் என்று நான்கு வகைப் பாட்டும் மாறிமாறி வர, ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகி, நாற்பது பாட்டில் நிறைவுறும் பிரபந்தம் அது. கோயில் மூர்த்திக்கும் மடத்துக் குருவுக்கும் புலவர்கள் சூட்டிவந்த மாலையை, தணிகை என்ற ஊர்ப்பெயரைத் தாங்கிய வீரசைவப் புலவர் ஒருவர், தொண்டிச் சீமையிலிருந்து வந்த ஒரு பக்கீருக்குச் சூட்டினார். திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகே தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு எதற்கு என்று அனுபவத்தில் அறிந்த ஊர்.

இந்த நான்மணிமாலையைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் வழக்கமாக ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் மதங்களுக்கு நடுவே கோடே இல்லை, எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தன, பின்னால் வந்தவர்கள்தான் பிரித்துவிட்டார்கள் என்பார்கள். கேட்க இனிமையான கதை, மேடைக்கும் உதவும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி, பூந்தமல்லி, வடசென்னை என்று இந்த வட்டாரம் தரும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோடு இருந்தது. எது யாருடையது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அது தெரிந்திருந்ததால்தான் ஒருவர் வாசலுக்கு இன்னொருவர் கூச்சமில்லாமல் போய் நின்றார். கலப்பு வேறு, பகிர்வு வேறு. நம் முன்னோர் செய்தது இரண்டாவதை. அதை முதலாவதாக எடுத்துக்கொண்டு பெருமைப்படுகிறவர்களும், அதே காரணத்துக்காக ஆத்திரப்படுகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைச் சொல்ல வெளியிலிருந்து கலைச்சொல் தேட வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரி மீனவர்களிடமே ‘பாடு’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் எண்ணி வைத்தாற்போல் சிலதான். அங்கே யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஊர்க் கணக்கில் தலைக்கட்டாக இருப்பவருக்கே பாடு உண்டு. இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், பெயரிலேயே மாதாவைச் சுமக்கும் நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இந்த முறையில் பேர்போன ஊர்கள். தண்ணீர் ஒன்றுதான், அதில் சுவர் எழுப்ப முடியாது. அதனால்தான் முறை தேவைப்பட்டது. ஒருவர் முறையில் மற்றவர் வலை போடமாட்டார் என்ற உறுதி இருப்பதால் யாரும் ஏரியைத் தனதென்று கோர வேண்டியதில்லை.

ஏரிக்கரை ஊரும் அப்படித்தான் வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா, பழவேற்காட்டில் முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் பெருகியிருந்ததைக் குறிக்கிறார். 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் மகிமை மாதா கோயில் இங்கே இருக்கிறது. சின்னஞ்சிறு ராமாயணச் சிற்பங்கள் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. பள்ளிவாசல்கள் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய கற்களோடு நிற்கிறது. இந்த ஊரின் துணிதான் கீழைக் கடல் கடந்து போனது. கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் வழங்கும் ‘பாளையக்காட்’ என்ற பெயர், வெள்ளைக்காரன் வாயில் பழவேற்காடு பட்ட பாடு. அந்தக் கைலியை நெய்தவர், சாயம் போட்டவர், முதல் போட்டவர், கப்பலேற்றியவர் எல்லாரும் ஒரே தெய்வத்தைக் கும்பிட்டவர்கள் அல்லர். ஒருவர் கையை நம்பி இன்னொருவர் தொழில் நடந்தது. ஆனால் ஒருவர் வழிபாட்டை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால்தான் தொழில் நடக்கும் என்ற நிலை இல்லை. இதைச் சகிப்புத்தன்மை என்று சொல்வதுகூடச் சரியில்லை. சகிப்பு என்றால் பல்லைக் கடித்துக்கொள்வது. இங்கே நடந்தது அன்றாட வேலை.

இந்தப் பின்னணியில் மஸ்தான் சாகிபைப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்தவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார். திருமணப் பேச்சை மறுத்துத் துறவு பூண்டார். திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றுக் காதிரிய்யா என்ற சூஃபி நெறியில் சேர்ந்தார். பிறகு மலை மலையாகத் திரிந்தார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. கடைசியில் வடசென்னைக்கு வந்து தங்கினார். மக்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள். அதனால்தான் தொண்டியார்பேட்டை என்ற பெயர் வந்தது என்பது இன்றும் பலர் சொல்லும் விளக்கம். ஆனால் 1693இலேயே எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தொண்டியார்பேட்டையும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னால். ஆக, பெயர் அவரால் வந்ததல்ல. இந்தக் கதை பொய் என்று தள்ளிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது முக்கியமான சான்றாகப் படுகிறது. முன்பே இருந்த ஓர் ஊர்ப்பெயரை, எல்லா மதத்தாரும் வாழும் ஒரு பேட்டை, ஒரு முஸ்லிம் துறவியின் பெயராக மாற்றி நினைவில் வைத்துக்கொண்டது. கட்டாயப்படுத்தி யாரும் இப்படி நினைவு வைப்பதில்லை.

அவர் பாட்டுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பராபரக்கண்ணி பாடினார், அது தாயுமானவர் போட்ட தடம். மனோன்மணிக்கண்ணி பாடினார், இறைவனையே காதலியாக வைத்த பாட்டு, பெயரோ சித்தர் மரபில் புழங்குவது. அகத்தீசன் சதகம் பாடினார். இவற்றை மட்டும் எடுத்துக் காட்டி, ‘பார்த்தீர்களா, அவர் மதம் கடந்தவர்’ என்று முடிப்பவர்கள் உண்டு. அதே திரட்டில் முகியித்தீன் சதகம் இருக்கிறது. பாக்தாதில் அடங்கிய அப்துல் காதிர் ஜீலானியைக் குருவாக வைத்துப் பாடிய நூறு பாட்டு. றகுமான்கண்ணியும் இருக்கிறது. நபிகளைப் போற்றும் பாட்டுகளும் இருக்கின்றன. மதம் கடந்தவருக்கு இவை எதற்கு? அவர் தம் தீனில் நின்றுகொண்டு, தமிழின் பக்தி யாப்பையும் சித்தர் பரிபாஷையையும் எடுத்து ஆண்டார். எடுத்து ஆளும்போது எது யாரிடமிருந்து வந்தது என்பது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கண்ணியின் பெயரைக் கேட்டதுமே தாயுமானவர் நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் அங்கே வித்தை.

சரவணப்பெருமாளையர் பக்கமும் இதே கதைதான். அவர் தந்தை கந்தப்பையர், தணிகைப்புராணம் பாடிய கச்சியப்ப முனிவரின் மாணாக்கர். சகோதரர் விசாகப்பெருமாளையர் இலக்கண நூல்கள் எழுதியவர். சகோதரர் இருவரும் இராமானுச கவிராயரிடம் பாடம் கேட்டவர்கள். சித்தாந்த சைவமும் இலக்கணமும் இரண்டு தலைமுறையாக ஊறிய, வீரசைவ ஒழுக்கம் பிசகாத குடும்பம். இப்படிப்பட்டவர் தம் சமயம் இன்னதென்று தெரியாமல் மயங்கி ஒரு சாகிபைப் பாடினார் என்று சொன்னால் அந்தக் காலத்து வித்துவான்களே சிரித்திருப்பார்கள். தம்முடையது எது என்பதில் ஐயமே இல்லாதவர் என்பதால்தான் அவரால் பாட முடிந்தது. பாடியபின் அவர் கழுத்து லிங்கம் கழுத்திலேயே இருந்தது. சாகிபின் தொழுகையும் தொழுகையாகவே இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். புலவர்கள் புலவர்களைப் பாராட்டிக்கொண்டதெல்லாம் மேல்தட்டு நாகரிகம், பாமரர் வாழ்வுக்கு அதில் என்ன சம்பந்தம் என்பார்கள். புலவன் பணத்துக்குப் பாடுவான் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். பணம் என்ற வாதம் இங்கே எடுபடாது. முட்காட்டில் கந்தலோடு இருந்த பக்கீரிடம் பரிசில் வாங்க ஒன்றுமில்லை. பாமரர் வாழ்வைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் நெடுஞ்சாலையில் வடக்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நெல்லூர். அங்கே சொர்ணால செருவு என்ற ஏரிக்கரையில் பாரா ஷஹீத் தர்கா. பன்னிரண்டு தியாகிகளின் அடக்கத்தலம். மொகரத்தை ஒட்டி அங்கே ரொட்டித் திருவிழா நடக்கிறது. பிள்ளைவரம் வேண்டியவர், வேலை வேண்டியவர், வீடு வேண்டியவர், நோய் தீர வேண்டியவர் என்று ஏரித் தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். வேண்டுதல் பலித்தவர் அடுத்த ஆண்டு அதே பெயருள்ள ரொட்டியைக் கொண்டுவந்து, இன்னும் பலிக்காத ஒருவருக்குக் கொடுப்பார். வேலை கிடைத்தவர் வேலை ரொட்டி, பிள்ளை பெற்றவர் பிள்ளை ரொட்டி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று சாதி மதம் கேட்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் போகிறது.

இந்த ஏற்பாட்டைக் கவனித்தால் பாடு முறையின் சாயல் தெரியும். தர்கா முஸ்லிம்களுடையது, பாத்தியா ஓதுபவர் முஸ்லிம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தண்ணீரில் நின்று ரொட்டி மாற்றிக்கொள்வது எல்லாருக்கும் பொது. ரொட்டியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கைமாறி, தின்று தீர்ந்துவிடும். தமிழ்நாட்டு ஊர்களில் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களும் இதையே செய்கிறார்கள். ஓதி ஊதுபவர் உள்ளேயிருந்து வருகிறார். அவர்கள் படிக்கு வெளியே நிற்கிறார்கள். பிள்ளை பயந்து அழுதது நின்றால் போதும் என்று வீடு திரும்பி, மாரியம்மனுக்கும் முடிந்து வைக்கிறார்கள். நாகூரில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தபோதும் தர்கா தர்காவாகவே இருந்தது, அரசர் சைவராகவே இருந்தார்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. துறவிகளையும் பாட்டையும் பேசிவிட்டுப் படையெடுப்பை மறைக்கிறாயே என்பார்கள். மறைக்க வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூந்தமல்லி இருக்கிறது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப்ஷாவின் படைகள் மீர் ஜும்லாவின் தலைமையில் இந்தப் பகுதியைப் பிடித்தபின், 1650களில், ருஸ்தம் என்ற அதிகாரி அங்கே பள்ளிவாசல் எழுப்பினார். கோயில் இடிப்புகளுக்குக் கல்வெட்டுச் சான்றோடு வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் தொகுத்த பட்டியலில் பூந்தமல்லியும் இடம்பெறுகிறது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். ஆனால் அது யார் செய்தது? புதிதாகப் பிடித்த மண்ணில் தன் அதிகாரத்தை நாட்ட வந்த அரசின் ஆள். அந்த அதிகாரம் சில பத்தாண்டுகளில் மொகலாயரிடம் போனது, பிறகு நவாபுகளிடம், பிறகு கம்பெனியிடம். சாகிபு வந்ததோ படை எதுவும் பின்னால் இல்லாமல், காட்டுக்குள். மினாராவுக்குப் பொன் கொடுத்த அரசரையும் கோயிலை இடித்த அதிகாரியையும் ஒரே தட்டில் வைத்து, அதன் எடையைப் பக்கீரின் தலையில் ஏற்றுவது கணக்குப் பிழை. கோடு மங்கிய இடம் என்று ஒன்றிருந்தால் அது பூந்தமல்லிதான். அங்கே பிறருடைய இடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. என் வாதத்துக்கு அது எதிரில்லை.

மானிடவியலாளர் ராபர்ட் ஹைடன் இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொல்வார். பொது வழிபாட்டிடங்களில் காணும் இணக்கம் உண்மையில் போட்டிதான். ஒரு தரப்பின் கை ஓங்கியிருக்கும்வரை மற்றது பொறுத்திருக்கும், அவ்வளவே என்பது அவர் கருத்து. ஒரே உச்சிக்கு இரண்டு பேர் உரிமை சொல்லும் இடங்களில் அவர் சொல்வது பொருந்துகிறது. மஸ்தான் சாகிபு நாற்பது நாள் இருந்த திருப்பரங்குன்றத்து மலையே வழக்குமன்றப் படிகளில் நெடுங்காலமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் நெல்லூரில் ரொட்டி வாங்கப் போகிறவர் தர்காவின் பட்டாவைக் கேட்பதில்லை. சரவணப்பெருமாளையர் லெப்பைக்காட்டில் மடம் கட்டப் போகவில்லை. உரிமை தெளிவாக ஒருவரிடம் இருந்து, வருகை எல்லாருக்கும் திறந்திருக்கும் இடத்தில் இணக்கம் நீடிக்கிறது. உரிமையே கேள்வியாகும்போது உடைகிறது. ஹைடன் இரண்டையும் ஒரே வகையாக எண்ணிவிட்டார் என்பதே என் குறை.

பொது மரபு என்றதும் உலகம் சுட்டிக்காட்டும் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சிவயோகினி லல்லேஸ்வரி, அவருக்கு அடுத்த தலைமுறையில் நுந்த ரிஷி எனப்படும் ஷேக் நூருத்தீன். நூருத்தீனுடைய பாட்டின் பெயரே சுலோகம் என்பதிலிருந்து வந்த ‘ஷ்ருக்’. முஸ்லிம் துறவிகள் தங்களை ரிஷிகள் என்றே அழைத்துக்கொண்டார்கள். இதைக் கலப்பு மதம் என்றுதான் நெடுங்காலம் எழுதினார்கள். வரலாற்றாசிரியர் முகம்மது இசாக் கான் அதை மறுத்தார். ரிஷிகள் இஸ்லாத்துக்குள் நின்றுகொண்டே பள்ளத்தாக்கின் பழக்கங்களைத் தழுவினார்கள், மக்கள் மெல்ல மெல்ல இஸ்லாமியரானார்கள் என்று காட்டினார். இதனால் அந்த மரபின் மதிப்புக் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இரு சாராரும் வணங்கிய நூருத்தீனின் சரார் தர்கா 1995இல் எரிந்தது; ராணுவத்துக்கும் ஆயுதக் குழுவினருக்கும் நடுவில் சிக்கி எரிந்தது. அங்கே வணங்க வந்தவர்களுக்குள் எழுந்த சண்டையில் அல்ல.

தூய்மை பேசுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. கபுரில் கையேந்துவது இணைவைப்பு என்பவர் ஒரு பக்கம். தாயத்து கட்டப் போகிற இந்துப்பெண் ஏமாளி என்பவர் மறுபக்கம். முதலாமவர் எழுப்புவது தம் மார்க்கத்துக்குள்ளான வழக்கு. அதைத் தீர்ப்பது வெளியாள் வேலையல்ல. இரண்டாமவருக்கு மட்டும் ஒன்று சொல்லலாம். அந்தப் பெண் எங்கே போகிறோம் என்று தெரிந்தே போகிறாள். தெரியாமல் போவதாக நினைப்பவர்தான் ஏமாளி.

பாடு முறையை மிகைப்படுத்திப் புகழவும் கூடாது. தலைக்கட்டாக இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. மரபாக மீன்பிடிக்காத சாதியார் ஏரியில் இறங்கியபோதெல்லாம் தகராறு வந்திருக்கிறது. பொது மரபுகளும் அப்படியே யாரையாவது வெளியே நிறுத்தியிருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் இன்று வேலை செய்கிறவர்களில் பெருந்தொகையினர் ஒடிசா, பீகார், வங்காளத்துக்காரர்கள். மனேர் ஷரீப் போன்ற தர்காக்கள் இருக்கும் மண்ணிலிருந்து வருகிறார்கள். முறை வைத்துப் பகிர்வது அவர்களுக்கும் புதிதல்ல. ஆனால் தகரக் கொட்டகை வாடகைக் குடியிருப்பில் அவர்கள் எந்த ஊரின் கணக்கிலும் தலைக்கட்டு இல்லை. உள்ளூரார் யாரும் அவர்களுக்கு முறை சொல்லவில்லை, அவர்கள் மொழியில் கேட்கவும் இல்லை.

அது பெரிய வேலை. அரசும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டியது. சிறிய வேலை ஒன்றும் இருக்கிறது. சரவணப்பெருமாளையரின் நான்மணிமாலையைத் தனி நூலாக, எளிய உரையோடு அச்சிட்டு, திருத்தணி, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி நூலகங்களில் யாராவது வைக்க வேண்டும். நாற்பது பாட்டுதான். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.